வாசிக்காத வரி

விருத்தாசலம்,
11.9.2024, புதன்

அன்புத் தங்கை பெரியநாயகிக்கு,

உன் அண்ணன் தங்கராசு எழுதுவது. எனக்கு உடம்பு தேவலை. இடது கை மட்டும் இன்னும் சோம்பேறித்தனம் பண்ணுகிறது. சோற்றுக் கை ஒழுங்காக இருப்பதால் கவலையில்லை. நீ, மாப்பிள்ளை பாண்டியன், உன் பெண் ப்ரியா மூவரும் எப்படி இருக்கிறீர்கள்? உன் முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை வழக்கம்போல மறந்துவிடுகிறாயா?

போன் இருக்கும்போது கடுதாசி எதற்கு என்று சிரிக்காதே. முப்பது வருஷம் பீங்கான் கம்பெனியில் களிமண் அரைக்கிற மெஷின் பக்கத்தில் நின்ற காது இது. போனில் நீ பேசுவது கொசு பாடுகிற மாதிரி இருக்கிறது. இந்த முதியோர் இல்லத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வார்டன் அன்புக்கரசி அம்மா, புதன்கிழமைதோறும் ஆளுக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் கொடுத்து எழுத வைக்கிறார். "எழுத ஆளில்லன்னா எனக்கு எழுதுங்க, நான் பதில் போடறேன்" என்கிறார். எனக்கு ஆளில்லையா என்ன?

அந்த அம்மா இன்னொரு சட்டமும் போட்டிருக்கிறார். நாலு மணி டீ தனியாக வருகிறவர்களுக்குக் கிடையாது. ஜோடியாக ஹாலுக்கு வரவேண்டும். "அவங்கவங்க கட்டில்ல குந்திக்கிட்டு சுவத்தப் பாத்து டீ குடிக்கறதுக்கு இது என்ன ஆஸ்பத்திரியா?" என்று கேட்டார். எனக்கு ஜோடி சாமிதுரை. நல்லூர்க்காரர், மனைவி தவறிவிட்டார், பிள்ளை இல்லை. அவருக்குக் கண் தெரியாது, எனக்குக் காது கேட்காது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும்.

பத்து நாள் வைத்தியம் என்று ஆட்டோவில் கொண்டுவந்து விட்டாய். இந்த ஆவணியோடு இரண்டு வருஷம். குத்திக்காட்டவில்லை பாப்பா, ஞாபகம் வந்தது, எழுதினேன். திட்டக்குடியிலிருந்து ஒரே பஸ்தானே. ஒரு ஞாயிறு வந்துவிட்டுப் போயேன்.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்.
உன் அண்ணன்,
தங்கராசு


திட்டக்குடி,
27.9.2024

மரியாதைக்குரிய அண்ணனுக்கு,

தங்கை பெரியநாயகியின் வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லாரும் நல்லபடியாக இருக்கிறோம். நீங்கள் வேளைக்கு மாத்திரை சாப்பிடுங்கள், ராத்திரி தயிர் வேண்டாம்.

ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது. இனி கடிதத்தை வீட்டு விலாசத்துக்குப் போடவேண்டாம் அண்ணா. நான் வேலை பார்க்கிற அங்கன்வாடிக்குப் போடுங்கள். எங்கள் போஸ்ட்மேன் ஒரு மாதிரி. அனுப்பியவர் முகவரியில் 'முதியோர் இல்லம்' என்று இருந்ததைத் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி படித்துக்கொண்டே வந்திருக்கிறார். தெருவில் நீங்கள் பெங்களூரில் தெரிந்தவர் கம்பெனியில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். வேறு என்ன சொல்வது, நீங்களே சொல்லுங்கள். "கூடப்பொறந்தவனை அங்க விட்டுட்டாளே" என்று நாலு பேர் பேசினால் என்னால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

தீபாவளி கழித்துக் கட்டாயம் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை


திட்டக்குடி,
20.11.2024

அண்ணனுக்கு வணக்கம். மழையும் பனியுமாக இருக்கிறது, காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி கழித்து வர நினைத்தேன், அங்கன்வாடியில் கணக்கெடுப்பு வேலை வந்து மாட்டிக்கொண்டது.

நல்ல செய்தி. ப்ரியாவுக்கு இடம் அமைந்துவிட்டது. பக்கத்து ஊர்தான். பையன் மின்வாரியத்தில் இருக்கிறான். பெண் பார்த்து, பேசி, வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டோம். மாசி நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். திடீரென்று முடிவானதால் உங்களுக்கு முன்னாடியே சொல்ல முடியவில்லை. மற்றதை நேரில் சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
பெரியநாயகி


விருத்தாசலம்,
27.11.2024, புதன்

என் பாப்பாவுக்கு,

அண்ணனின் ஆசிகள். நான் சுகம் என்று சொன்னால் போதாது, தரையில் கால் பாவவில்லை! நம் ப்ரியாவுக்குக் கல்யாணமா? மூக்கொழுகிக்கொண்டு என் சைக்கிள் பாரில் உட்கார்ந்து வந்த கழுதைக்கா?

சந்தோஷத்தில் ஊர் பேரும் பையன் பேரும் எழுத மறந்துவிட்டாய். உன் புத்தி அப்படித்தான். சின்ன வயசில் கடைக்கு அனுப்பினால் பையை மறந்துவிட்டுத் திரும்பி வருவாய்.

சேதியை டீ நேரத்தில் சொன்னேன். இங்கே இருபத்திரண்டு பேர். பூங்கோதை அம்மா கைதட்டினார். சாமிதுரை, "தாய்மாமன் நீ. மொத பத்திரிகை ஒனக்குத்தான் வெப்பாங்க. தட்டோட வரட்டும், நாங்களும் பாக்கறோம்" என்றார். இந்த இடத்துக்கு யாரும் தட்டு எடுத்துக்கொண்டு வந்து பார்த்ததில்லையாம். நான் சும்மா இருப்பேனா? "என் தங்கச்சி மஞ்ச குங்குமம் பழம் எல்லாம் வச்சி எடுத்தாருவா, பாருங்க" என்று சொல்லிவிட்டேன். அன்புக்கரசி அம்மா வாசல் பக்கம் இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போடச் சொல்லியிருக்கிறார். பட்டுக்கரை வேட்டியை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். மாமன் மாலை என் செலவு, அதில் நீ தலையிடாதே.

வருகிற தேதியை மட்டும் முன்னாடி எழுது. சவரம் பண்ணிக்கொள்ள வேண்டும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு.
தங்கராசு


விருத்தாசலம்,
8.1.2025, புதன்

அன்புள்ள பெரியநாயகி,

வீட்டில் எல்லாருக்கும் சுகம்தானே? ஆறு வாரமாகப் பதில் இல்லை. நடுவில் இரண்டு கடிதம் போட்டேன், அங்கன்வாடி விலாசத்துக்குத்தான்.

வாசலில் ஆட்டோ நின்றால் பூங்கோதை அம்மா, "ஒங்க தங்கச்சியா பாருங்க" என்கிறார். முந்தாநாள் கேஸ் சிலிண்டர் வண்டிக்குக்கூட எழுந்து நின்றுவிட்டேன். பத்திரிகை இன்னும் அச்சாகவில்லையோ?

வேலை நெருக்கடியில் இருப்பாய். உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.
அண்ணன்


விருத்தாசலம்,
22.1.2025, புதன்

பெரியநாயகிக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்கவேண்டும்.

நேற்று ப்ரியாவின் கல்யாணப் பத்திரிகை இங்கே வந்தது. எனக்கு இல்லை, சாமிதுரைக்கு. அவருடைய தம்பி கொளஞ்சிநாதன் மனைவியோடு வந்தார். பெண் பார்த்ததைக்கூடச் சொல்லாமல், அண்ணனுக்குத் தட்டோடுதான் சொல்லவேண்டும் என்று வைத்திருந்தாராம். தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், பூ. அண்ணனை வாசல் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு பேரும் காலில் விழுந்து பத்திரிகை கொடுத்தார்கள். "பெரியப்பா இல்லாம எம்புள்ள தாலி கட்ட மாட்டான்" என்றார் கொளஞ்சிநாதன். இருபத்திரண்டு பேரும் ஹாலில் இருந்தோம்.

சாமிதுரை பத்திரிகையை என்னிடம் நீட்டி, "தங்கராசு, எனக்குக் கண்ணு நீதான. எல்லாருக்கும் கேக்கறாப்ல படி" என்றார். எழுந்து நின்று படித்தேன். மணமகன் திலீபன். மணமகள் சண்முகப்ரியா. திட்டக்குடி பாண்டியன் – பெரியநாயகி தம்பதியரின் மகள். அதற்குக் கீழே ஒரு வரி இருந்தது. அதை நான் வாசிக்கவில்லை. தாண்டி, மண்டபத்தின் பெயருக்குப் போய்விட்டேன்.

பூங்கோதை அம்மா லேசுப்பட்டவர் இல்லை. "ஒங்க தங்கச்சி ஊரும் திட்டக்குடிதான? பேரும் பெரியநாயகிதான?" என்று கேட்டார். "திட்டக்குடியில ஒரே ஒரு பெரியநாயகிதான் இருக்காளா? அது வேற ஆளு, எனக்கும் அவளுக்கும் சம்பந்தமில்ல" என்று சொன்னேன். உன் எட்டு வயசில் நம் அம்மா போனதிலிருந்து உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். நேற்று அத்தனை பேர் நடுவில், நீ எனக்கு யாரும் இல்லை என்று என் வாயால் சொன்னேன்.

கிளம்பும்போது கொளஞ்சிநாதன் எனக்கும் வெற்றிலை பாக்கு கொடுத்தார். "அண்ணனுக்குக் கூட்டாளி நீங்க. ரெண்டு பேருக்கும் வண்டி அனுப்பறேன், கண்ணாலத்துக்கு வந்துடணும்" என்றார். வாங்கிக்கொண்டேன்.

பத்திரிகையைச் சாமிதுரையிடம் திருப்பித் தரவில்லை. என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. வேறு யாரும் படித்துவிடக் கூடாது.

ப்ரியாவுக்கு என் ஆசிகள்.
தங்கராசு


விருத்தாசலம்,
3.2.2025

திருமதி பெரியநாயகி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். குடும்பத்தார் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இங்கே வார்டன் அன்புக்கரசி. உங்கள் அண்ணன் எழுதும் கடிதங்களில் இருந்து இந்த விலாசத்தை எடுத்துக்கொண்டேன், மன்னிக்கவும்.

பன்னிரண்டு நாளாகத் தங்கராசு ஐயா அறையை விட்டு வருவதில்லை. தட்டை அறைக்கே வாங்கிக்கொள்கிறார், பாதிச் சோறு திரும்பி வருகிறது. யாரோடும் பேச்சில்லை. கேட்டால் காது கேட்காத மாதிரி இருக்கிறார். உண்மையில் கேட்காமல் இருப்பது எது, கேட்காத மாதிரி இருப்பது எது என்று எனக்குத் தெரியும்.

அவருடைய ஜோடி சாமிதுரை ஐயாவுக்கு வேறு ஆளைச் சேர்த்துவிட்டேன். அவர் மாட்டேன் என்றார். "அவன் வரட்டும், அப்ப குடிக்கறேன்" என்று பன்னிரண்டு நாளாக அவரும் டீ குடிக்கவில்லை. சட்டம் போட்டவள் நான், இப்போது நானே விழிக்கிறேன்.

வயசானவர்கள் இப்படி ஒதுங்க ஆரம்பித்தால் திரும்ப இழுப்பது கஷ்டம் அம்மா. மருந்து நான் கொடுத்துவிடுவேன். வாசலில் வந்து நின்று "அண்ணா" என்று கூப்பிட என்னால் முடியாது. இரண்டு வருஷத்தில் பார்வையாளர் நோட்டில் உங்கள் பெயர் ஒருமுறைகூட இல்லை. ஒருநாள் வந்துபோங்கள்.

தங்கள் நலம் விரும்பும்,
அன்புக்கரசி


திட்டக்குடி,
8.2.2025

அண்ணா,

நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வார்டன் அம்மா எழுதியிருந்தார்.

அந்த வரி என்ன என்று எனக்குத் தெரியும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பேச்சு வார்த்தைக்கு வந்த அன்று கொளஞ்சிநாதன், "தாய்மாமன் எங்கம்மா? அவர வச்சித்தான பேசணும்" என்று கேட்டார். பெங்களூரில் இருந்தார் என்று இழுத்தேன். "நம்பர் குடுங்க, நானே ஒரு வார்த்தை பேசிடறேன்" என்று போனை எடுத்துவிட்டார். முதியோர் இல்லத்தில் விட்டிருக்கிறோம் என்று தெரிந்தால், கூடப்பிறந்தவனையே பார்க்காதவள் வீட்டுப் பெண்ணா என்று எழுந்து போய்விடுவார்கள் என்று பயந்தேன். "அவரு அங்கயே தவறிட்டாருங்க" என்று சொல்லிவிட்டேன். உங்கள் மாப்பிள்ளை குனிந்துகொண்டார். ப்ரியா அங்கேதான் நின்றாள்.

"ஐயோ, பாவமே" என்று வருத்தப்பட்டு, அவர்தான் சொன்னார்: "தாய்மாமன் பேரு இல்லாத பத்திரிகையா? தெய்வத்திருன்னு போட்டு ஆசியோடன்னு அடிச்சிடலாம்." அப்புறம் தெருவிலும் அப்படியே சொல்லிவைத்தேன். பத்திரிகைக்கு நான் எழுதிக் கொடுத்தேன். 'தாய்மாமன் தெய்வத்திரு. தங்கராசு அவர்களின் ஆசியுடன்.' என் கையால்தான் எழுதினேன்.

அவர்கள் வீட்டுப் பெரியவரும் அங்கேதான் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது அண்ணா. பெரியப்பாவுக்குக் கண் தெரியாது என்று மட்டும் சொன்னார்கள், நானும் மேலே கேட்கவில்லை. கேட்டால் திருப்பி என்னைக் கேட்பார்களே.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது. உங்களை அழைக்கவும் எனக்கு முகம் இல்லை, வரவேண்டாம் என்று சொல்லவும் முகம் இல்லை. சாமிதுரை கூப்பிட்டால் மட்டும் போய்விடாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

சாப்பிடுங்கள்.
பாவி, பெரியநாயகி


விருத்தாசலம்,
26.2.2025, புதன்

பெரியநாயகிக்கு,

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். எல்லாரும் அலைச்சல் தீர ஓய்வெடுங்கள்.

காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன், வண்டி சாமிதுரையை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. வரும்போது எனக்கு ஒரு தாம்பூலப் பை கொண்டுவந்தார். "பொண்ணோட அம்மா எனக்கு ரெண்டாம் தடவ பாயசம் ஊத்துனாங்கப்பா. எம்மேல கொஞ்சம் சிந்திடுச்சு, பாவம்" என்றார். பையில் இருந்த தேங்காயைச் சமையலுக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது டீக்கு ஹாலுக்குப் போகிறேன். என் வெட்கத்துக்கு அந்த மனுஷன் ஏன் வாய் வறண்டு கிடக்கவேண்டும்?

ஒரு விஷயம் கேட்க எழுதுகிறேன். மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, பெண்ணும் மாப்பிள்ளையும் பெரியப்பாவிடம் ஆசி வாங்க இங்கே வருகிறார்கள். நான் ஹாலில் இருக்கட்டுமா, அறையில் இருக்கட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன். அடுத்த வியாழனுக்குள் எழுது.

தங்கராசு


திட்டக்குடி,
3.3.2025

அண்ணனுக்கு,

சுகமாக இருங்கள்.

அந்த ஒரு மணி நேரம் மட்டும் அறையில் இருந்துவிடுங்கள். இந்த ஒரு தடவை. இதற்கு மேல் எதுவும் கேட்கமாட்டேன்.

பெரியநாயகி


திட்டக்குடி,
10.3.2025

அண்ணா, என் அண்ணா,

வணக்கம் போடக்கூட எனக்குத் தகுதியில்லை. நேற்று சாயங்காலம் ப்ரியா போன் பண்ணினாள். எடுத்ததும் அழுதாள். அப்புறம் சொன்னாள்.

ஹாலில் எல்லாருக்கும் டீ கொடுத்தார்களாம். சாமிதுரை பெரியப்பா டம்ளரைத் தொடவில்லையாம். "ஜோடி இல்லாம இங்க டீ கெடையாது, அதான் ரூலு. எங்கூட்டாளி காய்ச்சல்னு படுத்துக்கெடக்கறான். வாங்க, அவங்கிட்டயும் துன்னூறு வாங்கிக்கங்க" என்று சுவரைத் தடவிக்கொண்டே இரண்டு பேரையும் உங்கள் அறைக்கு அழைத்துக்கொண்டு வந்தாராம். நீங்கள் தலையோடு போர்த்திக்கொண்டு படுத்திருந்தீர்களாம். பெரியப்பா போர்வையை இழுத்தாராம். நீங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தீர்களாம்.

"கண்ணத் தெறக்கவே இல்லம்மா. என்னப் பாத்துட்டா எனக்குக் கெட்டதாயிடும்னு மூடிக்கிட்டிருந்தாரு. ஒடம்பெல்லாம் வேர்த்து ஊத்துது" என்றாள். அங்கேயே திலீபனிடம் சொல்லிவிட்டாளாம்: "இவருதாங்க எங்க மாமா. தெய்வத்திருன்னு பத்திரிகையில போட்டமே, அவரு இவருதான்."

ராத்திரி கொளஞ்சிநாதன் பேசினார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. "எங்கண்ணன் அங்க இருக்கறது ஊருக்கே தெரியும்மா. அவரே நல்லா பாத்துக்கறாங்கன்னு அங்க போனாரு. ஞாயித்துக்கெழமை தப்பாம போய்ப் பாக்கறேன், எனக்கென்ன வெக்கம்? போகாம இருந்திருந்தாத்தான் வெக்கம்" என்றார். என்னைச் சொல்லவில்லை, தன்னைத்தான் சொன்னார். எனக்கு உயிர் போனது.

யார் என்ன சொல்வார்கள் என்று பயந்துதான் எல்லாம் செய்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை அண்ணா. உங்களைச் சாகடித்தது நான் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்துவிடுங்கள். மாடி அறையைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கிறேன். உங்கள் மாப்பிள்ளையும் சொல்கிறார். வராவிட்டால் வேறு என்ன செய்யவேண்டும், சொல்லுங்கள். எது சொன்னாலும் செய்கிறேன்.

பெரியநாயகி


விருத்தாசலம்,
19.3.2025, புதன்

பாப்பாவுக்கு,

அண்ணன் எழுதுவது. பசி எடுக்கிறது, தூக்கம் வருகிறது. உன் முட்டிக்கு எண்ணெய் தேய்.

ப்ரியா என் கட்டிலில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அழுதாள். கண்ணைத் திறந்து பார்த்தேன். கழுத்தில் தாலியோடு பெரிய மனுஷியாக இருந்தாள். அவள் போனபிறகு சாமிதுரை என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "எங்கிட்டகூடச் சொல்லலையேடா" என்றார். அந்த வெட்கம் என்னுடையது, அதற்கும் உனக்கும் சம்பந்தமில்லை.

வீட்டுக்கு வரச் சொல்கிறாய். உன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் மாடி அறையில் நான் யாரோடு டீ குடிப்பது? நீ அங்கன்வாடிக்குப் போய்விடுவாய், மாப்பிள்ளை தன் கடைக்குப் போய்விடுவார். இங்கே எனக்கு ஒரு ஆள் காத்திருக்கிறார். இருக்கட்டும், பிறகு பார்க்கலாம்.

என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றே ஒன்றுதான்.

அடுத்த புதன்கிழமை வா. இருபத்தாறாம் தேதி, நாலு மணிக்கு, டீ நேரத்துக்கு. தட்டு வேண்டாம், பழம் வேண்டாம், பட்டுப் புடவை வேண்டாம். வாசலில் அந்த இரண்டு நாற்காலியும் இன்னும் கிடக்கின்றன. பத்திரிகை என் தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது, எடுத்துத் தருகிறேன். சாமிதுரைக்குக் கண் தெரியாது. அன்றைக்கு நான் படித்தது பாதிப் பத்திரிகைதான். ஹாலில் எல்லார் முன்னாலும் நின்று நீ அவருக்கு முழுசாகப் படித்துக்காட்டு. நான் விட்ட வரியையும் சேர்த்துப் படி. படித்து முடித்ததும் நான் எழுந்து வந்து உன் பக்கத்தில் நிற்பேன். யாராவது, "இது யாரு?" என்று கேட்பார்கள். பூங்கோதை அம்மா கட்டாயம் கேட்பார். அதற்கு நீ பதில் சொல்.

எனக்குக் காது கேட்காது பாப்பா. சத்தமாகச் சொல்.

உன் அண்ணன்,
தங்கராசு